விசா வேண்டாத நாடு

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, கட்டி முடித்த இரண்டு பெட்டிகளுக்கு நடுவில். சித்தப்பா, காதில் ஒரு போன், கையில் ஒரு போன். சித்தி, சமையலறை வாசலில் சாய்ந்தபடி. நான், கிடங்கில் இரவு வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல். மேசைமேல் நிறுத்தி வைத்திருந்த மூன்றாவது போனில் அக்கா.

அக்காவுக்கு நாளை மறுநாள் ஆபரேஷன். வயிற்றில் பிள்ளை குறுக்காகக் கிடக்கிறது, தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் கப்பலில் வேலை பார்க்கிறார், கரையேற இன்னும் ஒரு மாதம் ஆகும். அந்த ஐரோப்பிய ஊருக்கு அக்கா குடிபோய் அரை வருடம்கூட ஆகவில்லை. எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. மூத்தவளுக்கு மூன்று வயது. ஆஸ்பத்திரியில் அவளைக் கூட வைத்துக்கொள்ள விட மாட்டார்கள். அக்கா ஆபரேஷன் மேசையில் படுத்திருக்கும் நேரத்தில் அந்தப் பிள்ளையோடு யார் இருப்பது? அதற்குத்தான் அம்மா. விமானம் சாயங்காலம்.

பயணத் திட்டம் முழுக்க சித்தப்பாவுடையது. தாத்தா காலத்தில் நாங்கள் குடிவந்த இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா வேண்டாம் என்பதை, தானே சட்டம் போட்டுக் கொடுத்தது மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார். விசா வேண்டாம் என்றால் விதியே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அங்கிருந்து கிளம்பிய பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். தங்குவது தொண்ணூறு நாளைத் தாண்டக் கூடாது. திரும்பி வர டிக்கெட், அக்கா எழுதிய அழைப்புக் கடிதம், காப்பீடு எல்லாம் கையில் இருக்க வேண்டும். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, தானே குடியேற்ற அதிகாரியாக மாறிக் கேள்வி கேட்டுப் பழக்கினார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால், என் பெண் வீட்டுக்கு நான் எதற்கு வந்தால் உங்களுக்கென்ன என்றாள் அம்மா. அந்தப் பதிலை மாற்றுவதற்குள் சித்தப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

இப்போது போனிலேயே செக்-இன் செய்துகொண்டிருந்தார். பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தைக் கேமராவில் காட்டச் சொன்னது. காட்டினார். படிக்க முடியவில்லை என்றது. ஜன்னலோரம் போனார், விளக்கை அணைத்தார், போனை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் பக்கத்தின் குறுக்கே வெள்ளையாக ஒரு பளபளப்பு விழுந்தது. நான் வாங்கிப் பார்த்தேன். பக்கத்தின் ஓரத்தில் நகம் தட்டியது.

"இதும்மேல என்னம்மா?"

"அட்டை போட்டேன்," என்றாள் அம்மா.

அம்மாவுக்குப் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. புதிதாக வரும் புத்தகங்களுக்கெல்லாம் ஒட்டுகிற பிளாஸ்டிக் தாளைப் போடுவது அவள்தான். கைபட்டு எழுத்து அழிந்துவிடும் என்று பாஸ்போர்ட்டுக்கும் போட்டிருந்தாள். வெளி அட்டையோடு விட்டிருந்தால் பரவாயில்லை. படத்துக்கும் பெயருக்கும் மேலே, ஸ்கேலால் தேய்த்து, ஒரு குமிழிகூட இல்லாமல் ஒட்டியிருந்தாள்.

சித்தப்பா விமான நிறுவனத்துக்குப் போன் போட்டார். நெடுநேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் பேசினாள். அந்தப் பக்கத்தில் எதை ஒட்டியிருந்தாலும் சேதமான பாஸ்போர்ட் என்றுதான் எடுத்துக்கொள்வோம், ஏற்ற மாட்டோம் என்றாள். நாங்கள் ஏற்றினாலும் அங்கே இறங்கியதும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அந்தச் செலவும் எங்கள் தலையில் விழும் என்றாள். அவசரமாகப் புதிது எடுக்க எத்தனை நாள் என்று சித்தப்பா பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அடித்தார். குறைந்தது ஒரு வாரம்.

இதற்குள் அம்மா சித்தியின் முடி காயவைக்கும் கருவியை எடுத்து வந்திருந்தாள். வேண்டாம் என்றேன். எத்தனை புத்தகத்துக்கு உரித்திருப்பேன், ஒரு தாள் கிழிந்ததில்லை என்றாள். சூடு காட்டி, ஓரத்தைக் கிள்ளி, மெதுவாக இழுத்தாள். பாதிவரை சுத்தமாக வந்தது. பிறகு பிளாஸ்டிக்கோடு சேர்ந்து படத்தின் தோள்பட்டையும் வந்துவிட்டது.

அம்மா அந்தத் தோளைப் பிளாஸ்டிக்கோடு திரும்ப வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"என்னாச்சு? ஏன் எல்லாரும் பேசாம இருக்கீங்க?" என்றாள் அக்கா போனில்.

சித்தப்பா சொன்னார். அக்கா அழவில்லை. அழுதிருந்தால் கேட்கிறவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிள்ளையை நாலைந்து நாளைக்குப் பார்த்துக்கொள்ள அரசாங்கத்தில் ஆள் இருக்கிறார்களாம், பிள்ளைகள் விடுதியில் கொண்டுபோய் வைப்பார்களாம், அவளுக்கு அந்தப் பாஷையே தெரியாதே என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்.

சித்திதான் என்னைப் பார்த்தாள். "இவன்கிட்ட பாஸ்போர்ட் இருக்கே."

இருந்தது. காலேஜை விட்ட வருஷம், வெளிநாட்டு வேலைக்கென்று எடுத்தது. போகவில்லை. அலமாரியின் அடியில் கிடந்ததைச் சித்தப்பா பிடுங்கித் தேதியைப் பார்த்தார், ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். விசா வாங்க வேண்டியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வேண்டாத நாடு என்பதால் யார் வேண்டுமானாலும் இன்றே கிளம்பலாம். அதே விமானத்தில் இடமும் இருந்தது.

"இவனா?" என்றாள் அம்மா. "இவனையே இன்னும் நான்தான பாத்துக்கறேன்."

"அம்மா, யாராவது வாங்க," என்றாள் அக்கா. "எனக்கு ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் நான் என்பதில் எனக்கு வருத்தமில்லை. கிடங்கு மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். போனால் திரும்பி வராதே என்றார். சரி என்றேன். அக்கா கடிதத்தில் பெயரை மாற்றி அனுப்பினாள். காப்பீட்டை டாக்சியில் போகும்போதே சித்தப்பா என் பெயரில் எடுத்தார். அம்மா இரண்டு பெட்டியையும் பிரித்துத் தன் புடவைகளை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒன்றில் திணித்துக் கொடுத்தாள். பிள்ளைக்குச் சூடாக எதையும் ஊட்டாதே, குளிக்கும்போது தனியாக விடாதே, தூங்கிவிடாதே என்றாள். கடைசியாகச் சொன்னதை மட்டும் நாலு தடவை சொன்னாள்.

மறுநாள் அங்கே இறங்கியதும் கண்ணாடிக் கூண்டிலிருந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டின் காலிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். எதற்கு வந்தாய், யார் வீடு, எத்தனை நாள். சித்தப்பா அம்மாவுக்குப் பழக்கிய பதில்கள்தான். என்ன வேலை என்றும் கேட்டார். அந்தக் கேள்விக்கு அம்மாவிடம் பதில் இருந்தது, என்னிடம் இல்லை. வேலை இல்லாதவன் திரும்பிப் போக மாட்டான் என்று நினைப்பார்கள் என்று சித்தப்பா எச்சரித்திருந்தார். கிடங்கில் இரவு வேலை, விடுப்பில் வந்திருக்கிறேன் என்றேன். அவர் கடிதத்திலிருந்த எண்ணுக்குப் போன் செய்தார். அக்கா என்ன சொன்னாளோ, பேசி முடித்து என்னைப் பார்த்தார். முத்திரை விழுந்தது.

அக்கா வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்ததும் பிள்ளை எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. பாட்டி எங்கே என்றது. அன்று முழுக்க என்னிடம் வரவில்லை. சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு முறைத்தது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆபரேஷன் அன்று காலை கீழே டாக்சி வந்து நின்றது. பிள்ளை அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு கத்தியது. நான் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். என் தோளில் கடித்தது. அக்கா பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

"தூங்கிடாதடா," என்றாள். அம்மா குரல் மாதிரியே இருந்தது. "கதவைப் பூட்டிக்கோ. என் பின்னாலயே ஓடி வந்துடுவா."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். முதல் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். திரும்பிப் பார்த்தால் ஏறி வந்துவிடுவாள் என்று தோன்றியது. பிள்ளையை ஒரு கையில் இறுக்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். சாவியை இரண்டு தடவை திருப்பினேன்.