தளபதி பிஸ்கட்

முகைதீன்பாவா போடியார் தன் மூத்த மகள் ஹாஜறாவுக்குக் கொடுத்த சீதனம் இது: வளவோடு ஒரு கல்வீடு, மாவடிப்பள்ளிப் பக்கம் மூன்று ஏக்கர் வயல், ஒரு தையல் மெசின், ஓர் ஆங்கில ஆசிரியர் நியமனம். முதல் மூன்றும் ஹாஜறாவின் பெயரில் இருந்தன. நாலாவது மாப்பிள்ளையின் பெயரில்.

நாலாவது வந்த வழியைச் சொல்ல வேண்டும். எழுபத்தேழாம் ஆண்டுத் தேர்தலில் போடியார் தன் உழவு மெசினையும் அதன் இழுவைப் பெட்டியையும் கூட்டங்களுக்கு ஆளேற்றக் கொடுத்திருந்தார். வென்றவர் நன்றி மறக்கவில்லை; சிபாரிசு எழுதி ஒரு துண்டு தந்தார். துண்டைக் கொண்டுபோனால் உத்தியோகம். ஒரு குடும்பத்துக்கு ஒரு துண்டுதான்.

"துண்ட எனக்குத் தாங்க வாப்பா," என்றாள் ஹாஜறா. ஆங்கிலத்தில் விசேட சித்தி எடுத்தவள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான்.

போடியார் கோபப்படவில்லை. உண்மையிலேயே குழம்பிப்போனார்.

"உனக்குக் குடுத்தா, மாப்பிள்ளைக்கு என்னத்தகா குடுக்கிற?"

துண்டு மாப்பிள்ளைக்கென்று முடிவாயிற்று. ஹாஜறாவிடம் மிஞ்சியது அட்டை கிழிந்த ஓர் அகராதி. பாண்டிருப்பில் காலமான தபாலதிபர் ஒருவரின் வீட்டார் பழைய பேப்பரோடு நிறுத்து விற்க வைத்திருந்ததை வாங்கி வந்திருந்தாள். மற்றவர்கள் அகராதியில் அர்த்தம் தேடுவார்கள். அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும் அதன் ஊரையும் பேரையும் தேடுவாள். எந்தச் சொல் எங்கிருந்து கப்பலேறியது, வழியில் எதைத் தொலைத்தது என்பதெல்லாம் அவளுக்குப் பக்கத்து வீட்டுப் புதினம் மாதிரி.

மாப்பிள்ளை மசூர் வீடு பார்க்க வந்தபோது ஹாஜறா திரைக்குப் பின்னால் நின்றாள்.

"வட்டிலாப்பம் எப்படித் தம்பி?" என்றார் போடியார்.

"நைஸ்."

"வீடு புடிச்சயா?"

"வெரி நைஸ்."

அந்தச் சொல் லத்தீனில் புறப்பட்டபோது அதற்கு 'ஒன்றும் அறியாதவன்' என்று பொருள். இங்கிலாந்தில் கரையேறிய காலத்திலும் மடையனைத்தான் அப்படிச் சொன்னார்கள். ஹாஜறா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். உம்மா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மசூர் கெட்ட மனிதனல்ல. ஆங்கிலத்தில் சாதாரண சித்தி, அதுவும் இரண்டாம் தடவை. ஆனால் அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான். அவன் படிப்பித்த முதல் மாதத்திலேயே பக்கத்துப் பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 'இஸ்லாண்ட்' என்று கத்துவது வீட்டு மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"ஐலண்ட், மச்சான்," என்றாள் ஹாஜறா, சோறு போட்டுக்கொண்டே. "நடுவில நிக்கிற எழுத்துக்குச் சத்தமில்ல."

"சத்தமில்லாட்டி அங்க என்னத்துக்கு நிக்கிது?"

"முந்தி அந்த எழுத்தே இல்ல. லத்தீன் சொல்லில இருந்துதான் வந்ததெண்டு நினைச்சுப் படிச்சாக்கள் கொண்டுவந்து செருகின. பிழை. படிச்சாக்கள் விட்ட பிழையெண்டதால ஒருத்தரும் எடுக்கல்ல."

மறுநாள் மசூர் அதை வகுப்பில் சொன்னான். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் சோற்றோடு ஒரு சொல்லும் பரிமாறப்பட்டது. கட்டுமரம் இங்கிலீசுக்குப் போன கதை. மிளகுத்தண்ணி வெள்ளைக்காரனின் மேசையில் சூப்பான கதை. சிலவற்றை அவன் ஏற்கவில்லை. கண்ணுக்குப் போடும் சுறுமாவின் அறபுப் பெயர்தான் பின்னர் 'அல்கஹோல்' ஆனது என்றபோது, "இத வகுப்பில சொன்னா பள்ளிவாசல் மரைக்கார்மார் என்ன ஊர விட்டே கலச்சுப்போடுவாங்க," என்றான். 'ஸ்கூல்' கிரேக்கத்தில் ஓய்வுநேரத்தைக் குறித்த சொல் என்றபோது மட்டும், அதில் உண்மை இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டான்.

ஒரு வருடத்தில் அவனுக்கு 'டிக்சனறி மாஸ்டர்' என்று பேர் விழுந்தது.

அது வரை பரவாயில்லை. எண்பத்தோராம் ஆண்டு ஒரு பின்னேரம், முன் விறாந்தையில் கூட்டாளிகளோடு இருந்த மசூர் சொன்னது குசினிவரை கேட்டது: "ஹாஜறாவும் இப்ப கொஞ்சம் இங்கிலீசு கதைப்பா. நான்தான் பழக்கிற."

ஹாஜறா தேயிலைத் தண்ணியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அன்றிரவு மசூர் கேட்டான்: "நாளைக்குக் கல்வி அதிகாரி கபூர் சேர் வகுப்புப் பார்க்க வாறார். நல்ல சொல்லொண்டு தாவன்."

"பிஸ்கட்," என்றாள். "பிஸ்கட் எண்டு ஒரு தளபதி இருந்தவர். படையில பட்டினி. தன்ட குதிரைக்கு வெச்சிருந்த மாவத் தட்டிச் சுட்டு, சிப்பாய்மாருக்குக் குடுத்துப்போட்டு அவர் பட்டினியால மௌத்தாப்போன. அவர்ர பேரத்தான் வெச்சிரிக்கி."

சொல்லும்போதே அவளுக்குத் தெரியும், அதிகாரி சிரிப்பார். சிரித்துவிட்டு, இதை யார் சொல்லித் தந்தது என்று கேட்பார். ஒரே ஒரு தடவை அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும். அவ்வளவுதான் அவள் விரும்பியது.

மறுநாள் அப்துல் கபூர் அதிகாரி வகுப்பின் பின்வரிசை வாங்கில் இருந்து கேட்டார். கையில் தேநீர், கோப்பைத் தட்டில் பிஸ்கட். தளபதி இறந்த இடத்தில் அவர் கடிப்பதை நிறுத்திக்கொண்டாராம்.

"கண் கலங்கிட்டுகா மனிசனுக்கு!" என்று மசூர் வந்து சொன்னான். "கொப்பியில எழுதிக்கொண்டு போறார்."

அடுத்த ஆங்கில தினப் போட்டியில் தளபதியைப் பற்றிப் பேச்சு வைத்தார்கள். வட்டாரப் பரீட்சையில் 'பிஸ்கட் என்பவர் யார்?' என்று கேட்டு, 'இரக்கமுள்ள ஒரு தளபதி' என்ற விடைக்கு முழுப்புள்ளி போட்டார்கள். தம்பிலுவிலில் ஒரு பிள்ளை அவரைக் குதிரையோடு படம் கீறிப் பரிசும் வாங்கியது.

எண்பத்து நாலில், துண்டில்லாமல், பரீட்சை வைத்து ஆங்கில ஆசிரியர் எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். பெண்கள் பாடசாலையில் ஓர் இடம் இருந்தது. ஹாஜறா எழுதினாள், எழுத்தில் அவள்தான் முதலாவது. மிச்சம் நேர்முகம் மட்டும். அதற்கென்று புதுச் சாறி வாங்கினாள். ஆறு வருடம் திரைக்குப் பின்னால் நின்றவளுக்கு ஒரு கதிரை போட்டு இருக்கச் சொல்லப்போகிறார்கள்.

மேசைக்கு அப்பால் மூன்று பேர். நடுவில் கபூர் அதிகாரி.

"நம்மட மசூர் மாஸ்டர்ர வைஃப்தானே? அப்ப லேசாவே கேட்பம். பிஸ்கட் எண்ட சொல் எப்படி வந்த?"

தளபதியைச் சொன்னால் வேலை. தளபதியைப் பெற்றவளே அவள்தான்; ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் என்ன? ஆனால் கூப்பிட்டால், ஓய்வுபெறும் வரைக்கும் அவரை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் பட்டினி போட்டுக் கொல்ல வேண்டும்.

"லத்தீன் சேர். ரெண்டு தரம் சுட்டது எண்டு அர்த்தம். தளபதியெண்டு ஒருத்தரும் இல்ல."

கபூர் அதிகாரியின் முகம் இறுகியது. "அப்ப மாஸ்டர் சொன்னது பொய்யா?"

"அவர் சொந்தமாச் சொல்லல்ல. நான் சொல்லிக் குடுத்த. எல்லாச் சொல்லும் நான்தான் சொல்லிக் குடுக்கிற."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். இடப்பக்கத்தில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல பகிடி," என்றார் கபூர் அதிகாரி, விரலால் கண்ணோரத்தை ஒற்றியபடி. "ஊட்டுக்குள்ள அப்படியொரு மனிசன வெச்சிக்கிட்டு, ஒரு நாளாவது கேட்டுப் படிச்சிருக்கலாமே புள்ள."

பெண்கள் பாடசாலைக்கு ஓர் ஆம்பிளை மாஸ்டர் வந்து சேர்ந்தார். யாரோ ஒருவரின் மருமகன்.

நேர்முகம் முடிந்த அன்று மசூர் சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு கதையைக் கேட்டான். எல்லாச் சொல்லையும் சொல்லிக் கொடுப்பது தான்தான் என்று அங்கே சொன்னதை மட்டும் ஹாஜறா விட்டுவிட்டாள்.

"பிஸ்கட்டா?" அவனுக்கு உண்மையாகவே மனம் நொந்துபோனது. "ஐயோ, அது என்ட சொல்லெல்லா! என்னட்டக் கேட்டிருந்தா நான் சொல்லித் தந்திருப்பேனே, ஹாஜறா."

அவள் மீன் துண்டை அவன் சோற்றுக் கோப்பையில் வைத்தாள்.

"சரி, உடு," என்றான். "நாளைக்கு எந்தச் சொல்லு?"

"ஹஸ்பண்ட்."

"எங்கத்தச் சொல்?"

"வடக்குக் கடலோடிகள்ர சொல். வீட்டுக்குச் சொந்தக்காரன் எண்டு அர்த்தம்."

இது உண்மை; பொடி எழுத்தில் அப்படித்தான் கிடந்தது. மசூர் கவளத்தை நிறுத்தி, சுவரையும் கூரையையும், முன்வாசல் தேக்கங் கதவையும் ஒரு சுற்றுப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"நைஸ்," என்றான்.