கிளினிக்கின் குடை

"முகத்த ஆட்டாதீங்கம்மா. இன்னும் ரெண்டே நிமிஷம்."

படுக்கையில் கிடந்த பெண்மணியின் கன்னங்கள் பீட்ரூட் துண்டு மாதிரி சிவந்து, அங்கங்கே நீர் கசிந்துகொண்டிருந்தன. லேசர் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. களிம்பக்கா, குளிர்ந்த உப்புநீரில் நனைத்த துணியை மெல்ல எடுத்துவிட்டு, தட்டையான மரக்குச்சியால் களிம்பை அள்ளி ஒற்றி ஒற்றி வைத்தாள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் தோல் கையோடு வந்துவிடும். ஏழு வருஷமாக இதே அறையில் இதே வேலை. அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில்தான் இருந்தது. டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் களிம்பக்காதான்.

"கேட்டுக்குங்க. ஒரு நாளைக்கு நாலு தடவ பச்சத் தண்ணில கழுவணும், சோப்பு கூடாது. ஒத்தி எடுத்துட்டு உடனே களிம்பு. முகம் காயவே விடாதீங்க. மூணாம் நாளு பொருக்குத் தட்டும், அரிக்கும், கை தன்னால போகும். பிச்சீங்கன்னா தழும்பு நின்னுடும். ரெண்டு தலகாணி வெச்சு ஒசரமாப் படுங்க. அடுப்புப் பக்கம் போகாதீங்க, வேர்க்க விடாதீங்க. எல்லாத்தவிட முக்கியம் வெயில். ஒரு மாசத்துக்கு உங்க முகத்த வெயில் பாக்கவே கூடாது."

"பால்கனில கொஞ்ச நேரம்?"

"கூடாதும்மா. பட்டுதுன்னா கருத்துப் போயிடும். அப்புறம் அது போறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்."

சொல்வதைக் கேட்கிறவர் யார், பிய்த்துவிட்டு வந்து தானாக உதிர்ந்தது என்று சாதிக்கப்போகிறவர் யார் என்பது அவளுக்குப் பார்த்தவுடனே தெரியும். கடைசியில் ஒரு படிவத்தை நீட்டுவாள். பொடி எழுத்தில் இரண்டு பக்கம். "இங்க ஒரு கையெழுத்து. படம் எடுத்து வெச்சுக்குவோம், வழக்கத்துக்குத்தான்." இதுவரை யாரும் அதைப் படித்ததில்லை. அவளும் படித்ததில்லை.

அதற்குப் பிறகு குடை. வாசல் படியிலிருந்து கார் கதவு ஆறு எட்டு எடுத்து வைக்கிற தூரம்தான். அந்த ஆறு எட்டுக்கும் நோயாளியின் தலைக்கு மேல் கிளினிக்கின் பெரிய நீலக் குடை இருக்க வேண்டும் என்பது மேனேஜரம்மாவின் கண்டிப்பான உத்தரவு. குடையைப் பிடிக்கிற பொறுப்பும் களிம்பக்காவுடையதுதான்.

காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை நின்றே தீர வேண்டிய வேலை. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் சுருண்டு புடைத்துக்கொண்டு நின்றன. வீட்டுக்குப் போனால் சுவரில் காலைத் தூக்கி வைத்து அரை மணி நேரம் படுத்தால்தான் அடுத்த வேலை ஓடும். அதனால் முன் மேசையில் இருந்த பெண் வேலையை விட்டுப் போனதும், அந்த நாற்காலியின் மேல் களிம்பக்காவுக்கு ஒரு கண் விழுந்தது. சுழலும் நாற்காலி, முதுகுக்குச் சாய்மானம் வேறு. இரண்டு நாள் தயங்கி, மூன்றாம் நாள் மேனேஜரம்மாவிடம் கேட்டே விட்டாள்.

"பேஷண்ட்டுக்கு எடுத்துச் சொல்றதுக்கு உங்கள விட்டா ஆளே இல்லக்கா" என்றாள் மேனேஜரம்மா. "ஆனா முன்னாடி உக்கார்றவங்கன்னா முகம்..."

அவள் பார்வை கன்னத்துக்குப் போயிற்று. களிம்பக்காவின் இரண்டு கன்னத்திலும் பதினாறு வயதில் வந்த பருக்கள் விட்டுப்போன குழிகள். முப்பது வருஷமாக அவளே மறந்துவிட்டிருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் புது லேசர் இயந்திரம் வந்து இறங்கியது. வெளியூர் டாக்டர்கள் நாலைந்து பேர் முன்னால் அதைச் செய்துகாட்ட ஒரு முகம் வேண்டியிருந்தது. "உங்களுக்கு ஃப்ரீதான்கா. ஆறினப்புறம் முன் சீட்டப் பத்திப் பேசலாம்" என்றாள் மேனேஜரம்மா. களிம்பக்கா படிவத்தை வாங்கி, எங்கே கையெழுத்து என்று யாரும் காட்டாமலே போட்டுக் கொடுத்தாள். இடம் அவளுக்குத் தெரியாதா என்ன.

இரண்டு நாள் விடுப்பு கிடைத்தது. வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் அவள் கணவர், அந்த இரண்டு நாளும் அடுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். சோறு குழைந்தது, குழம்பு அடிப்பிடித்தது. அவள் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். கழுவி, ஒற்றி, களிம்பு வைத்து, இரண்டு தலையணையில் சாய்ந்து, நோயாளிகளுக்குச் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் தனக்கே செய்துகொண்டாள். அரித்தபோது கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தாள். தன் முகத்தைத் தானே ராணி முகம் மாதிரி தாங்குவது அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் வேலைக்குப் போனாள். மதியத்துக்குள் மேனேஜரம்மா கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க முகத்தப் பாத்துட்டு புதுசா வர்ற பேஷண்ட் பயப்படுறாங்க. ஒருத்தங்க எழுந்தே போயிட்டாங்க. கொஞ்ச நாளு உள்ள வேணாம். நோட்டீஸ் குடுக்கிற ஆளுங்க வேற வரல. நாளைலேர்ந்து நாலு நாளு, பதினொண்ணுலேர்ந்து ஒண்ணு வரைக்கும், முக்குல நின்னு குடுத்துடுங்க."

"மேடம், வெயிலு..."

"ரெண்டு மணி நேரந்தானே?"

"அப்ப அந்தக் குடைய எடுத்துக்கிட்டுப் போறேன்."

"இருக்கறது ஒண்ணு. பேஷண்ட் வந்தா நான் என்ன பண்றது?"

வீட்டில் சொன்னபோது, கணவர் பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த வெல்டிங் முகமூடியை எடுத்து அவள் தலையில் மாட்டினார். "இதோட நில்லு. பயத்துலயே எல்லாரும் நோட்டீஸ் வாங்கிடுவாங்க."

"சிரிக்க வெக்காதீங்க, பொருக்கு வெடிக்குது" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் சிரிக்கவில்லை. "முடியாதுன்னு சொல்லிட்டு வந்தா என்ன?"

"நாற்காலி போயிடும்."

அவர் முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தன்னுடைய மடக்குக் குடையைத் தேடி எடுத்து, வளைந்திருந்த கம்பியை நிமிர்த்திக் கொடுத்தார்.

நாலு சாலை சேரும் முக்கில் நிழல் என்று சொல்ல ஒரு மின்கம்பம்தான் இருந்தது. ஒரு கையில் குடை, அக்குளில் நோட்டீஸ் கட்டு, இன்னொரு கையால் ஒவ்வொன்றாக உருவ வேண்டும். உருவுவதற்குள் ஆள் தாண்டிப் போய்விடுவார். அரை மணி நேரத்தில் நோட்டீஸ் கட்டு கால்வாசிகூடக் குறையவில்லை. கைபேசி அடித்தது. எதிரே, கிளினிக்கின் மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜரம்மா நிற்பது தெரிந்தது.

"அக்கா, பாதிப் பேர் வாங்காம போறாங்க. குடைய மடக்குங்க. ரெண்டு கையாலயும் குடுங்க."

களிம்பக்கா குடையை மடக்கினாள். களிம்பு உருகிக் கழுத்துக்கு வழிந்தது. வேர்வை பட்டு முகம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றால் ஆட்கள் வருகிற பக்கம் தெரியவில்லை. மறுபடியும் திரும்பிக்கொண்டாள். நாலு நாளும் அப்படித்தான் போயிற்று. நோட்டீஸில், வழவழவென்று ஒரு பெண் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது வாரம் பொருக்கெல்லாம் உதிர்ந்தபோது குழிகள் ஆழம் குறைந்துதான் இருந்தன. ஆனால் இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் கரும்பழுப்புத் திட்டுகள். அவள் காலையில் கண்ணாடியைப் பார்த்தாள். என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு அவள் அழுதாள். உப்பு பட்டால் எரியுமே என்ற பழக்கத்தில், அழும்போதே ஒற்றி ஒற்றித் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துப் பார்த்தார். "வெயில்ல போனீங்களா?"

மேனேஜரம்மா பக்கத்தில்தான் நின்றாள். கையிலிருந்த கோப்பில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"போனேன் டாக்டர். நாலு நாளு நோட்டீஸ்..."

"தினம் ஊருக்கெல்லாம் சொல்றவங்க நீங்க. உங்களுக்கே தெரியாதா களிம்பக்கா?" என்றார் டாக்டர், நிஜமாகவே வருத்தத்தோடு. பிறகு மேனேஜரம்மாவிடம், "ஒரு போட்டோ எடுத்துடுங்க. மூணு பக்கமும்" என்றார்.

அனுப்பியது யார் என்று களிம்பக்காவுக்கு வாய்வரைக்கும் வந்தது. வலது பக்கம் திரும்பச் சொன்னார்கள், திரும்பினாள். இடது பக்கம் சொன்னார்கள். நேராகப் பார்க்கச் சொன்னார்கள்.

முன் மேசைக்கு அடுத்த மாதம் ஒரு புதுப் பெண் வந்தாள். நல்ல பெண்தான், "அக்கா அக்கா" என்று எல்லாவற்றையும் கேட்டுக் கற்றுக்கொண்டாள். களிம்பக்காவை மறுபடி உள்ளறையில் போட்டார்கள். வேலை நேரம் முழுக்க முகக்கவசம் கழற்றக் கூடாது, நெற்றிவரை தொப்பி போட வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள்.

ஒரு நாள் வந்த நோயாளி ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. களிம்பு வைத்துக்கொண்டிருக்கும்போதே, கிளினிக்கில் புதிதாக அச்சடித்திருந்த அறிவுரைப் புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் புரட்டிக்கொண்டிருந்தார். நடுப்பக்கம் வந்ததும் கை நின்றது. பக்கம் முழுக்க வண்ணப் படம். கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்த ஒரு முகம், கன்னமெல்லாம் திட்டுத் திட்டாக. கீழே ஒரு வரி: 'அறிவுரைகளைப் பின்பற்றாத ஒரு நோயாளி. மூன்றாவது வாரம்.'

"ஐயோ" என்றார் தலைமையாசிரியை. "இவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொல்லியும் வெயில்ல போய் நின்னிருக்கா பாருங்க. அப்படி என்ன தலைபோற அவசரம்?"

களிம்பக்கா மரக்குச்சியால் இன்னும் கொஞ்சம் களிம்பை அள்ளினாள்.

"தெரியலைங்கம்மா" என்றாள் களிம்பக்கா. "முகத்த ஆட்டாதீங்க."

கையெழுத்துக்குப் படிவத்தை நீட்டினாள். "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கம்மா" என்றாள். தலைமையாசிரியை சிரித்துவிட்டு, படிக்காமலே போட்டுக் கொடுத்தார்.

வெளியே உச்சி வெயில். கார் படியோரம் வந்து நின்றது. களிம்பக்கா நீலக் குடையை விரித்து, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக நடந்தாள். ஆறு எட்டு. கார்க் கதவு திறந்தபோது, உள்ளே குனிகிறவர் மேல் வெயில் பட்டுவிடாமலிருக்கக் கையை எட்டி நீட்டினாள். குடை முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது.