நடைவழியில் ஒரு நாற்காலி

2021 மார்ச் 9ஆம் தேதி காலை, அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காம் மாடி நடைவழியில் நின்றிருந்த சக்கர நாற்காலி, அடித்தளக் கிடங்கில் வைத்துப் பூட்டப்பட்டது.

நாற்காலி, அந்த மாடியில் குடியிருந்த எக்ஸ்ரே டெக்னீஷியன் ஒருத்தியின் அப்பாவுடையது. வீட்டு வாசல் குறுகல், உள்ளே நுழையாது. கோலை ஊன்றி வாசல்வரை வந்து, அதில் உட்கார்ந்து, லிஃப்டில் ஏறி இறங்குகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நடைவழியில எதுவும் வைக்கக் கூடாதுன்னு விதிம்மா. நான் என்ன பண்றது?" என்றார் எதிர்வீட்டில் இருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர். விதியை எழுதியவரும் அவர்தான். கிடங்குச் சாவியும் அவரிடம்தான். ஒவ்வொரு தடவையும் சாவி கேட்டு அவர் முன்னால் போய் நிற்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. பதினான்கு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்து போய்ச் சேர்ந்தார்.

மகள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குடிபோனாள். வீடு காலியானது.

"அக்கா, நல்ல குடும்பமாப் பார்த்து வருஷக்கணக்குல விட்டுடு. தலைவலி இல்ல," என்றான் தம்பி.

"தலைவலி வேணும்டா. எனக்கில்ல, எதிர்வீட்டுக்கு."

நாள் வாடகைக்கு விட்டாள். வாரத்துக்கு மூன்று கூட்டம் வந்து போனது. பெட்டிச் சக்கரங்கள் அந்த ஆள் வாசலில் கடகடத்தன. தன் கதவிலிருந்த எண் பலகையையும் கழற்றிவிட்டாள். வருகிறவன் எல்லாம் அவர் வீட்டு மணியைத்தான் அடிக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து, தங்கிப் போனவர்கள் இணையத்தில் எழுதிய குறிப்புகளைத் திறந்தாள். 'எதிர்வீட்டு அங்கிள் தங்கமானவர்.' 'பஸ் நம்பரிலிருந்து பல் டாக்டர் வரை எழுதிக் கொடுத்தார்.' எல்லாம் ஐந்து நட்சத்திரம்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "சம்பளமில்லாத மேனேஜர் கிடைச்சிருக்காருக்கா!"

அவள் செருப்பை மாட்டினாள். நேரில் போனாள். செயலாளர் இஸ்திரி போட்ட சட்டையோடு, நடைவழியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு லிஃப்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா, வா! இன்னைக்கு யாரு வர்றாங்க? பெத்ததுங்க ஒரு போன்கூடப் பண்றதில்ல. இவங்க மணியடிச்சாத்தான் நான் இருக்கேன்னே எனக்குத் தெரியுது. நிரந்தரமா யாருக்காவது விட்டுடாதம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். அப்பாவின் நாற்காலி நின்ற அதே இடம்.

"யோசிக்கிறேன் சார்," என்றாள்.

லிஃப்டில் இறங்கும்போதே யோசித்து முடித்துவிட்டாள்.

"வருமானம் பாதியாயிடும்க்கா," என்றான் தம்பி.

"ஆகட்டும்."

வீடு கேட்டு வந்தவர்களில், இரண்டு குழந்தைகள் இருந்த குடும்பத்தை வேண்டாமென்றாள். வாய் ஓயாமல் பேசிய பள்ளி ஆசிரியையையும் திருப்பி அனுப்பினாள். இரவு வேலைக்குப் போய்விட்டுப் பகலெல்லாம் தூங்கும் கணவன் மனைவி வந்தார்கள். யாரோடும் ஒட்டாத ஆட்கள். மணிச் சத்தம் பிடிக்காது, கழற்றிவிடலாமா என்று கேட்டார்கள். அங்கேயே ஐந்து வருட ஒப்பந்தத்தை நீட்டினாள். பிறகு சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள்.

2023 ஜூன் 2ஆம் தேதி காலை, நான்காம் மாடி நடைவழியிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலி கிடங்கில் வைத்துப் பூட்டப்பட்டது. சாவி செயலாளரிடம் இருந்ததால் அவரே தூக்கிக்கொண்டு போனார்.