சஹ்யவாணிக்குப் பாராட்டு விழா

இதனால் சகல மராட்டியப் பெருமக்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் தாய்மொழியின் தனிப்பெருந்தூணாகிய ‘சஹ்யவாணி’ மாத இதழுக்குப் பூனாவில் புதுக் கட்டடம் எழும்பியுள்ளபடியால், திருப்பதி மராட்டிய சங்கம் பாராட்டு விழா எடுக்கிறது. ஆசிரியரே நேரில் வருகிறார். சாப்பாடு உண்டு.

அறிவித்தவர் சங்கத் தலைவர், தையல் கடை யஸ்வந்த் ராவ். சங்கத்தில் மராட்டி படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதுதான் அவரை அந்த நாற்காலியில் வைத்திருந்தது. மற்றவர்கள் வீட்டில் மராட்டி பேசுவார்கள், கடையில் தெலுங்கு, சண்டைக்குத் தமிழ். எழுத்து மட்டும் தெரியாது. இதழ் வந்ததும் உறையைக் கிழிக்காமல், மஞ்சள் குங்குமம் வைத்து சாமி அறையில் அடுக்கிவிடுவார்கள். உள்ளே என்ன போட்டிருக்கிறது என்பதை மாதக் கூட்டத்தில் யஸ்வந்த் ராவ் விளக்குவார்.

அவருக்கும் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்துச் சொல்வார். போன இதழில் ஒரு கட்டடம்; வாசலில் ஆசிரியர் கும்பிட்டபடி நின்றார். கிரகப்பிரவேசம் என்று சொல்லிவிட்டார். பூனாவுக்கு போன் போட்டு விழாவுக்கு அழைத்தபோது, ஆசிரியர் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. உடனே, வருகிறேன் என்றார்.

வந்தார். பின்னால் தொங்கிய தெலுங்கு பேனர் அவருக்குப் புரியவில்லை. அவர் பேசிய மராட்டி எல்லோருக்கும் புரிந்தது. கட்டடத்தை விற்றாயிற்று, அந்த இதழோடு பத்திரிகை நின்றுவிட்டது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, பிரிவுபசார விழா எடுக்க முன்வந்த ஒரே வாசகர் இவர்தான் என்று, தமக்குப் போட்ட சால்வையை யஸ்வந்த் ராவுக்கே போர்த்திக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டதோடு விட்டிருக்கலாம். அந்தச் செய்தி வந்த கடைசிப் பக்கத்தை உங்கள் வாயால் படியுங்கள் என்று இதழை நீட்டினார்.

யஸ்வந்த் ராவ் வாங்கினார். கொடியில் காயப்போட்ட துணி மாதிரி எழுத்துகள் வரிசையாகத் தொங்கின. முன்வரிசையிலிருந்து பொருளாளர் சுரேஷ்பாபு தணிந்த குரலில் சொன்னான்:

“கிரகப்பிரவேசம்னு சொல்லிக்கினு இருந்தியே அண்ணா. படி, நாங்களும் கேக்கறோம்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மனைவி வரலட்சுமி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். தலைவருக்குத் துக்கம் தாளவில்லை என்று நினைத்த ஆசிரியர், முதுகைத் தட்டிக்கொடுத்துத் தாமே வாங்கிப் படித்தார். படித்து முடிக்கும்வரை யஸ்வந்த் ராவ் போர்த்திய சால்வையோடு நின்றார். உட்காரச் சொல்ல ஆளில்லை.

அடுத்த மாதம் இதழ் வரவில்லை. எந்த வீட்டிலும் யாரும் கேட்கவில்லை.