மிட்டாயைக் கட்டிய இடம்

மிட்டாய் என்று பெயர் வைத்தது நித்யஸ்ரீ. தாயில்லாத வெள்ளாட்டுக் குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்துவிட்டு, நர்சிங் படிக்கப் புதுச்சேரிக்குப் போய்விட்டாள். அதன்பிறகு அதோடு மல்லுக்கட்டுவது அம்மா மங்கையர்க்கரசியின் பாடு. படலைத் தாண்டும், உயர்த்தினால் அடியில் நுழையும். கழுத்தில் முக்கோணமாகக் கழி கட்டினாள். அதைச் சுவரில் உரசிக் கழற்றிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வந்து நின்றது. கயிற்று முடிச்செல்லாம் அதன் பல்லுக்கு எம்மாத்திரம்?

சாயங்காலம் போனில் மகள் முதலில் கேட்பதே, "இன்னிக்கு எங்கம்மா ஓடுச்சு?" என்றுதான். சொல்லச் சொல்லச் சிரிப்பாள். தனியாகக் கிடக்கிற பிள்ளை சிரிக்கட்டுமே என்று மங்கையர்க்கரசி கொஞ்சம் கூட்டியே சொல்வாள்.

பக்கத்து வயல் பஞ்சநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. போர்வெல் தண்ணீரில் விட்ட அவருடைய நாற்றங்காலை மிட்டாய் மூன்றாம் முறையாக மேய்ந்திருந்தது. "இன்னொருக்கா வந்துச்சுன்னா நான் பொறுப்பில்லீங்க" என்றார். நல்ல மனுஷர்தான், ஆனாலும் நாலாம் முறையும் பொறுப்பாரா?

மறுநாள் காலை, பள்ளிக்கூடச் சமையல் வேலைக்குப் போகுமுன் மிட்டாயை வாய்க்காலுக்குள் இறக்கி, இரும்பு முளை அடித்து, சங்கிலியில் கட்டினாள். வறண்ட வாய்க்காலில் ஆடு கட்டுவது நெடுங்காடு ஊரில் எல்லோரும் செய்வதுதான். உள்ளே அறுகு, இருபுறமும் கரை. நாற்று கண்ணிலேயே படாது. மேட்டூர் அணை திறந்தாகிவிட்டது, ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் என்றைக்குச் சொன்னபடி வந்தது? சங்கிலியை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. பல நாளைக்குப் பிறகு நிம்மதியாக வேலைக்குப் போனாள்.

மத்தியானம், தண்ணீர் வந்துவிட்டதாகச் சேதி வந்தது. சமையல்கட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளும் காவேரித் தாயே என்று கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்குமுன் ஞாபகம் வந்துவிட்டது.

ஓடினாள். வாய்க்கால் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மார்பளவு தண்ணீரில் நின்று முளையைப் பிடுங்கிய பஞ்சநாதன், மூச்சில்லாத மிட்டாயைத் தூக்கிவந்து கரையில் கிடத்தினார். சங்கிலி அப்போதும் கழுத்தில் இருந்தது.

"கத்துனது கேட்டுச்சுங்க. நாத்துல பூந்துடுச்சுன்னு அங்கதான் மொதல்ல ஓடுனேன்" என்றார். அவரை என்னவென்று திட்டுவது? கட்டியது தன் கை. ஈரக் கழுத்தைத் தடவித் தடவி அழுதாள்.

சாயங்காலம் போன் வந்தது.

"இன்னிக்கு எங்கம்மா ஓடுச்சு?"

"எங்கயும் ஓடலடி. கட்டுன எடத்துலயே இருந்துச்சு."

ஒருநாளாவது சொன்ன பேச்சு கேட்டதே என்று நித்யஸ்ரீ சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியட்டும் என்று மங்கையர்க்கரசி காத்திருந்தாள்.