ரீபாவின் ஹெட்போனில் தங்கிய சத்தம்

சேரன்மகாதேவி ரீபாவின் ஹெட்போன் வாங்கும்போது கால் கிலோ இருந்தது; மூன்றாம் வருஷம் நாலு கிலோ அறுநூறு. மளிகைக்கடை அம்மையப்பன் அண்ணாச்சி வெங்காயம் நிறுக்கிற தராசில் இரண்டு முறை வைத்துப் பார்த்துச் சொன்னது இது. அவர் நிறுவையில் தப்பு வராது. காதை முழுசாக அடைக்கிற, மூடின ரகம். உள்ளே ஓடுகிற பாட்டு வெளியே கசியாது, வெளிச்சத்தம் உள்ளே நுழையாது. நுழைய முடியாத சத்தம் பாவம் எங்கே போகும், காதுப்பஞ்சிலேயே தங்கிவிட்டது. குக்கர் விசில், பாபநாசம் பஸ்ஸின் ஹாரன், கோயில் மணி என்று நாளொன்றுக்கு நாலு கிராம் வீதம் ஏறியது. ரீபா கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டு பாட்டுக் கேட்டாள்.

வாங்கிக் கொடுத்தவன் அண்ணன் எலியேசர். அப்பா வில்சன் தாலுகா ஆபீஸ் வேலையில் இருக்கும்போதே இறந்துபோய், தங்கச்சி தூங்காமல் கிடந்த நாட்களில் பாசமாக வாங்கி வந்தான். அதில் பொய் இல்லை. ஆனால் அப்பாவின் வாரிசு வேலை வீட்டில் ஒருவருக்குத்தான் கிடைக்கும்; மற்றவர்கள் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டாக வேண்டும். தமிழிலும் இங்கிலீஷிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள் ரீபா. வேலை அவளுக்குத்தான் என்று துக்கவீட்டிலேயே பேசி முடித்திருந்தார்கள். எலியேசரின் செல்போன் கடையோ எட்டே மாதத்தில் படுத்துவிட்டது. வாரிசுச் சான்றிதழுக்குக் கையெழுத்து வேண்டும் என்று காலையில் சொல்லிவைத்து, மத்தியானம் அவனும் அம்மா ரோசம்மாளும் காகிதங்களை நீட்டினார்கள். நல்ல பாட்டில் சரணம் ஓடிக்கொண்டிருந்தது. ரீபா ஹெட்போனைக் கழற்றாமல், காட்டிய இடத்திலெல்லாம் போட்டாள். பிறகு ஆபீசில் ஆம்பளைப் பிள்ளைக்குத்தான் என்று சொல்லிவிட்டதாக அண்ணன் வருத்தமாகச் சொன்னான். அவன் வேலையில் சேர்ந்த அன்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவளும் அவள்தான்.

போன பங்குனியில் வெயிலுக்குக் காதுப்பஞ்சின் தோல் உரிந்து வெடித்தது. உள்ளே கிடந்த சத்தமெல்லாம் சேர்ந்த வரிசைப்படி வெளியேறத் தொடங்கியது. நாலு நாள் தெரு பொறுத்துக்கொண்டது. ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, எலியேசர் வண்டியை எடுக்கும்போது, அந்த மத்தியானம் வந்தது.

"யம்மா, அவ படிச்சுப் பாத்துட்டான்னா?"

"அவ காதுல மாட்டிட்டுல்லா இருக்கா. இப்பம் நீட்டு, பாக்காமப் போட்டுருவா. பொட்டப்பிள்ளைக்கு வாங்கிக் குடுத்தா வேலை அடுத்த வீட்டுக்குப் போயிரும்லே."

தெருவே கேட்டது. அண்ணன் செய்ததை ரீபாவால் தாங்க முடிந்தது. அம்மா செய்ததைத்தான் முடியவில்லை. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் எழுந்து ஜெராக்ஸ் கடைக்கு டைப் அடிக்கப் போனாள்.

மற்றச் சத்தங்கள் ஒருமுறை வந்ததோடு போய்விட்டன. இது மட்டும் தினமும் ஒன்பது மணிக்கு வந்தது; ஹெட்போனின் கனமும் குறையவில்லை. புதுப் பஞ்சு போட்டும் நிற்கவில்லை. சேலையில் சுற்றி அரிசி டிரம்மில் வைத்தார்கள், டிரம் பேசியது. யாராவது தலையில் மாட்டிக்கொண்டால் மட்டும் வெளியே கேட்காது என்பதை எலியேசர்தான் கண்டுபிடித்தான். ரோசம்மாள் அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு மகளிடம் வந்தாள்.

"ஏட்டி, நீ செத்த நேரம் மாட்டிக்கிட்டா தெருவுக்குக் கேக்காதுல்லா."

"அதுல இருக்கது உங்க பேச்சு. நீங்களே மாட்டிக்கிடுங்கம்மா" என்றாள் ரீபா, செருப்பைப் போட்டுக்கொண்டே.

அன்றிலிருந்து தினமும் ஒன்பது மணிக்கு ரோசம்மாள் அதை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். எலியேசர் வண்டியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போகிறான். அந்த மத்தியானம் ஓடி முடிகிற கால் மணி நேரம் அவளிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் தோளைத் தொட வேண்டும் என்று மீன்காரி முதற்கொண்டு எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் தொடுவதில்லை. கேட்டு முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள்.