குடிக்காத விளக்குக்காரன்

பஞ்சை நனைத்து மனைவியின் உதட்டில் ஒற்றிக்கொண்டே, சொல்லிவிடலாமா என்று அவர் மறுபடியும் யோசித்தார். காலை பத்து மணி. இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மகள் அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அழுதுகொண்டிருந்தாள்.

ஊரே அவர் மனைவியைக் கப்பல்காரி என்றுதான் கூப்பிடும். சொந்தமாக ஒரு தோணிகூடக் கிடையாது. துறைமுகத்தில் கரி சுமந்தவள், மாலுமிகளின் துணி துவைத்தவள், புருஷன் திரும்பாத வருஷம் தானே வலையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனவள் என்று பெண்களின் கதைகளை வீடு வீடாகப் போய்க் கேட்டு, பாட்டாகக் கட்டி, முப்பத்திரண்டு வருஷம் மேடை மேடையாகப் பாடியவள். கேட்டதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க மாட்டாள். செத்தவர்கள் எழுந்து வந்து மறுத்துப் பேச முடியாது, அதனால்தான் சேர்க்கக்கூடாது என்பாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் அவர் தன் கைவரிசையைக் காட்டியிருந்தார். அப்போது அவர் இழுவைப் படகில் மெக்கானிக். நோட்டுப் புத்தகத்தோடு கதை கேட்க வந்த பெண்ணை எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று ஆசை. கலங்கரை விளக்கக்காரன் படுத்துவிட, ஒன்பது ராத்திரி விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்ட அவன் பெண்டாட்டியின் கதையைச் சொன்னார். படகின் பழைய எஞ்சின்காரர் அவருக்குச் சொன்ன கதையில் அந்த ஆள் காய்ச்சலில் கிடந்தான். இவர் அவனைக் குடிக்க வைத்துப் படியில் உருட்டிவிட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்றே மாதத்தில் கல்யாணம். அவள் பாடியதிலேயே அதிகம் எடுபட்டதும் அந்தக் கதைதான். குடிகாரன் படியில் உருளும் இடத்தில் கூட்டம் கைதட்டும். இவர் மட்டும் கடைசி வரிசையில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஒண்ணு சொல்லணும் உங்கிட்ட" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபத்தோடேயே போய்விடுவாளோ? இத்தனை வருஷம் மூடியிருந்த வாய் இன்னும் ஒரு நாள் மூடியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "பாவம், அந்த மனுஷனை ஊர் ஊரா உருட்டி விட்டிருக்கேன்."

"தப்பு என்னோடதுதான்."

"பின்னே யாரோடது?" மூச்சு வாங்கினாள். கண் மட்டும் இவர் பக்கம் திரும்பியது. நோட்டுப் புத்தகத்தைத் திறக்கும்போது பார்க்கிற பார்வை அது. "காய்ச்சல்னா, அவனை யார் பார்த்துக்கிட்டா?"

"அவதான். வேற யாரு இருந்தா அங்க?"

"மேல போய் விளக்கையும் பார்க்கணும், கீழ வந்து அவனையும் பார்க்கணும். இவ்வளவு பெரிய கதையைச் சிரிப்புல விட்டுட்டேனே. முதல்லேருந்து சொல்லுங்க."

ஆர்வக்கோளாறில் அவர் ராகம் இழுக்கப் பார்த்தார். அவள் ஒரு விரலைத் தூக்கினாள். அவர் குரலைப் பற்றி அவளுக்கு என்றைக்குமே நல்ல அபிப்பிராயம் கிடையாது. வெறும் வாயாலேயே சொன்னார். எண்ணெய்க் குடத்தோடு அந்தப் பெண் படி ஏறினாள், இறங்கி வந்து புருஷன் நெற்றித் துணியை மாற்றினாள், திரும்ப ஏறினாள். நடுநடுவே இவரும் பஞ்சை நனைத்துக்கொண்டார். ஒன்பதாம் ராத்திரி விடிந்தபோது காய்ச்சல் விட்டது.

"அப்புறம் அவ தூங்கினாளா?"

"தெரியலை. எஞ்சின்காரர் அதைச் சொல்லலை."

"தெரியாதுன்னா விட்டுருங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் அவருக்கு விட மனம் வரவில்லை. ஒன்பது ராத்திரி, அத்தனை படி. அந்தப் பெண்ணை அப்படியே நிற்க வைத்துவிட்டுக் கதையை முடிப்பது அநியாயமாகப் பட்டது.

"ஒண்ணே ஒண்ணு சேர்த்துக்கறேன்" என்றார் மெதுவாக. "அவ தூங்கினான்னு வெச்சுக்கலாமா?"

காத்திருந்தார். மகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அம்மாவைப் பார்த்தாள். அருகில் வந்து குனிந்து பார்த்தாள். "அப்பா" என்றாள்.

அவர் திரும்பாமலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு. யோசிச்சிட்டிருக்கா."